மெய்ப்பாட்டியலில் தொலைத்த இரண்டு மதிப்பெண்

நெட் (கல்லூரி ஆசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வு) முடிவு வந்து மூன்று நாள் ஆகிறது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது; ஆய்வு உதவித்தொகை இல்லை. சென்ற முறை ஒரே ஒரு வினாவில் தவறியவனுக்கு இதுவே பெரிது. அந்த வினாவின் எரிச்சல் இன்னும் தீரவில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலிலிருந்து வந்த பொருத்துக வினா. மனத்தின் உணர்ச்சி உடலில் வெளிப்படுவது மெய்ப்பாடு; எட்டு மெய்ப்பாட்டுக்கும் தனித்தனியே நான்கு காரணங்களை அந்த இயல் சொல்கிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கையும் அழுகையோடு சேர்த்துவிட்டு வந்தேன். விடை இளிவரல். எட்டு மெய்ப்பாடும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்தான். ஆனால் அழுகைக்குரிய நான்கில் முதலாவது 'இளிவு'. அது காலை வாரியது. முதுமையும் நோயும் அழவைப்பவைதானே என்று புத்தியும் ஒத்து ஊதியது.

தோற்றுப்போய் வீட்டில் கிடந்தபோதுதான் விளங்கியது. அப்பாயிக்கு 82 வயது. கைத்தாங்கலாகக் கழிவறைக்கு அழைத்துப் போனால் அழமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். "உனக்கு ஏன் அய்யா இந்தப் பாடு" என்பார். அழுகிறவன் நான்தான். அவருடையது, தன்னைத் தானே தாழ்வாக எண்ணிக் குறுகும் இளிவரல். அதன்பின் அந்த நூற்பாவை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

இந்த முறை செய்தது இதுதான்: எட்டுக்கும் நந்நான்காக வரும் 32 காரணங்களுக்கும் தெரிந்த முகம் ஒன்றைத் தேடினேன். குழுவாக உட்கார்ந்து ஒப்பிப்பது எனக்கு ஒத்துவராது.

- அச்சம்: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன் போன்ற மேலோர்). கடைசிக்கு என் நெறியாளர்.
- வெகுளி: உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடிக்குக் கேடு செய்தல்), அலை (அடித்து வருத்துதல்), கொலை. வீட்டில் ஆள் கிடைக்காது, செய்தித்தாள் போதும்.
- மருட்கையில் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. சிறுமையை இளிவரலுக்குத் தள்ளிவிடாதீர்கள். நுண்ணியதைக் கண்டு வியப்பது அது.
- பெருமிதத்தில் புகழ்மை என்றும் இசைமை என்றும் பாடம் உண்டு. எது வந்தாலும் திகைக்க வேண்டாம்.
- எட்டையும் சொன்னபின் அதே இயல் தரும் வேறு மெய்ப்பாடுகளின் பட்டியலும், உடைமை முதல் நடுக்கு வரை, 32தான். இரண்டு 32-ஐயும் குழப்பாதீர்கள்.
- சுவை ஒன்பது (நவரசம்) என்ற நினைப்பில் நடுவுநிலையை எட்டுக்குள் தேடாதீர்கள். அது இந்த இரண்டாம் பட்டியலில் மூன்றாவது.

பழைய உரையாசிரியர் இளம்பூரணரின் உரையோடு நிறுத்திவிடாதீர்கள். பேராசிரியர் என்றே பெயர் பெற்ற இன்னொரு பழைய உரையாசிரியரின் உரை கிடைப்பதே பொருளதிகாரத்தின் கடைசி நான்கு இயல்களுக்குத்தான். மெய்ப்பாட்டியல் அதில் முதலாவது.

முதல் தாளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கணக்குப் பகுதியின் ஐந்து வினாக்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் விடையைத் தட்டினேன். தவறுக்கு மதிப்பெண் கழிவதில்லை என்ற தைரியம்தான்.