ஹெரால்டின் இரண்டாம் கியர்

எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் முதல் மூன்று கியரிலும் ஓர் ஊளைச் சத்தம் கேட்கும். நாலாவதில் அது இருக்காது. கியர் பாக்ஸைக் கழற்றும் முன்பே பாதி விஷயம் இதிலேயே தெரிந்துவிடுகிறது. டாப் கியரில் இன்ஜினின் சுழற்சி நேராக மெயின் ஷாப்ட் என்கிற வெளியே போகும் தண்டுக்குப் போய்விடும்; கீழே இருக்கும் லே ஷாப்ட் என்கிற துணைத் தண்டின் பற்கள் சுற்றுமே தவிர பாரம் சுமக்காது. அப்படியென்றால் தேய்மானம் லே ஷாப்ட் பக்கம்தான்.

இன்னொரு தொந்தரவு ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இரண்டாம் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். 20 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் இன்ஜின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து.

பட்டறையில் பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள். மாமனாரும், "வேற பாக்ஸ் கெடச்சா போட்டுடலாம் கண்ணு" என்றார். வண்டி அவருடையது. ஆனால் சென்னையில் 1961-இல் தொடங்கி 1971-இல் நின்றுபோன கார் இது. கிடைக்கிற பாக்ஸுக்கும் இதே வயசுதான் இருக்கும், அது யார் கையில் என்ன பாடு பட்டதோ. "திறந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம் மாமா" என்றேன். சேலம் அஸ்தம்பட்டி வீட்டு கார் ஷெட்டிலேயே வேலையை ஆரம்பித்தோம்.

ஹெரால்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கியர் பாக்ஸை வண்டிக்கு உள்ளிருந்தே எடுக்கலாம் என்பது. முன் சீட்டுகளையும் நடுவிலுள்ள டனல் மூடியையும் கழற்றினால் முழுப் பாக்ஸும் கண்முன் இருக்கும். இன்ஜினின் பின்பக்கத்துக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, பின் சக்கரம் பக்கம் போகும் புரொப்பெல்லர் ஷாப்ட்டைப் பிரித்து, போல்ட்டுகளை எடுத்து, இரண்டு பேர் பிடித்தால் கதவு வழியாக வெளியே வந்துவிடும். வண்டிக்கு அடியில் படுத்து நெஞ்சின் மேல் இரும்பை இறக்கும் வேலையே இல்லை.

வடித்த ஆயிலில் பொன் நிறத் தூள் மினுங்கியது. பற்களும் பேரிங்கும் எஃகு. பித்தளை நிறத்தில் தேய்வது பெரும்பாலும், கியர் மாற்றும்போது இரு பக்க வேகத்தையும் சமமாக்கும் சிங்க்ரோ வளையம்தான். முதல் கியருக்கு இந்த பாக்ஸில் சிங்க்ரோ கிடையாது. வளைவுக்கு வளைவு மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றுவதால் மலைப்பாதையின் அடி முழுக்க இரண்டாம் கியர் வளையத்துக்கு.

லே ஷாப்ட்டை அப்படியே உருவக் கூடாது. அதே தடிமனில், கொஞ்சம் குட்டையான கம்பி ஒன்றைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனால் உள்ளே இருப்பவை சிதறாமல் பல் தொகுப்பு மெல்ல அடியில் இறங்கும். அப்புறம்தான் மெயின் ஷாப்ட்டைச் சாய்த்து மேல்வழியாக எடுக்க இடம் கிடைக்கும்.

அதில் பாகங்களை நகராமல் பிடிக்கும் சர்க்கிளிப் என்ற வெட்டு வளையம் ஒன்று இருக்கிறது, சாதாரண பிளையருக்கு மசியாது. கொண்டலாம்பட்டிப் பக்கம் லாரி வேலை செய்யும் லேத் பட்டறை அண்ணன் ஒருவர், மெல்லிய குழாயின் வாயை விரல்கள் மாதிரி பிளந்து தந்தார். அதைச் செருகியதும் சர்க்கிளிப் சமமாக விரிந்து நழுவி வந்தது. சிங்க்ரோவின் நடுப்பாகமான ஹப்பைத் துணியில் சுற்றிக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். ஸ்பிரிங்கும் குண்டும் தெறித்துப் போனால் தேடிக் கிடைக்காது.

மண்ணெண்ணெயில் கழுவியதும் எல்லாம் தெளிவாகிவிட்டது. லே ஷாப்ட்டின் நுனியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். இரண்டாம் கியரை நழுவாமல் பிடித்திருக்க வேண்டிய பிடிப்புப் பற்களில் முனை மழுங்கியிருந்தது. மற்ற கியர்களின் பற்கள் நன்றாகவே இருந்தன. தேவைப்பட்டது ஒரு ஷாப்ட், இரண்டாம் கியர், வளையங்கள், பேரிங்குகள். இதற்காக முழு பாக்ஸையும் தூக்கிப் போடுவது அநியாயம்.

பழைய பாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஆயில் டப்பாவில் ஜிஎல்-4 என்ற தரக் குறி இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ஜிஎல்-5 ஆயிலில் சேர்க்கும் கந்தகக் கலவை பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கத்து பிளக் துளையில் வழியும்வரை ஊற்றினால் அளவு சரி.