தற்காலிகமாகத் தகுதியற்றவர்

2025 ஜனவரி 28, செவ்வாய்

சிறுநீரகக் கல். நான்கு மில்லிமீற்றர். இடது பக்கம். அசையவில்லை.

ஜனவரி 30, வியாழன்

பல் விளக்கி முடிப்பதற்குள் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே காணொளி வந்துவிட்டது. வாஷிங்டன். ஆற்றுக்கு மேலே ஒரு வெளிச்சம், பிறகு இருட்டு. தரையிறங்க வந்துகொண்டிருந்த சி.ஆர்.ஜே. 700 விமானமும் இராணுவ ஹெலிகொப்டரும் மோதிக்கொண்டன. ஒரு தடவைதான் பார்த்தேன். அனுப்பியவர்கள் யாரும் ஒரு வார்த்தை சேர்த்து எழுதவில்லை. விமானி என்றால் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலும்.

செய்தியில் பெரிய நிறுவனத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். வாலில் பூசியிருப்பது அவர்களுடைய நிறம். உள்ளே இருந்த விமானிகளுக்குச் சம்பளம் கொடுத்தது அதற்குக் கீழே ஓடும் பிராந்திய நிறுவனம். பயணிக்கு அந்த வேறுபாடு டிக்கெட்டில் ஒரு சின்ன வரி. விமானிக்கு அது உழைக்கும் காலத்தின் முற்பாதி.

அப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி நின்று கேட்டார்: "அதுவும் உன்னுடையதைப் போலக் காற்றாடி உள்ளதா?"

இல்லை, ஜெட் என்றேன்.

"அந்தப் பலாலி விமானம்?"

அவர் கேட்டது 1998 செப்டம்பர் 29 பற்றி. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புப் பக்கம் இரத்மலானைக்குக் கிளம்பிய அன்ரனோவ் 24, உள்ளே 55 பேர், இரணைதீவுக்கு அப்பால் கடலில் முடிந்தது. அதற்குக் காற்றாடிதான் அப்பா என்றேன். தலையாட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அவருக்கு எதைச் சரிபார்க்க வேண்டியிருந்தது என்று இப்போதும் பிடிபடவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

சிறுநீரை வடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். கல் விழுந்தால் எடுத்துவைக்க வேண்டும், என்ன வகைக் கல் என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள். அம்மா சந்தையில் புதுத் தேநீர் வடி ஒன்று வாங்கி, மற்றதோடு மாறிவிடாமல் இருக்கக் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டினார். நூலின் அர்த்தத்தை அம்மம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று மாலை எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். அடுப்படியில் போய்ப் பார்த்தேன், சிவப்பு நூல் நனைந்திருந்தது. தேநீரை வாழைக்கு ஊற்றினேன்.

வாழையும் அதிக நாள் இருக்காது. தண்டுச் சாறு எனக்குத்தான். முன்வீட்டிலிருந்து நெருஞ்சி அவித்த தண்ணீர், பெரியம்மாவிடமிருந்து சிறுபீளை. எங்கள் வட்டக்கச்சியில் வைத்தியம் தெரியாத வீடு கிடையாது. "எவ்வளவு பெரிய கல்?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அம்மா ஒரு பயறு மணியை எடுத்துக் காட்டுகிறார். இதற்காகவா பிள்ளையை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள் என்று அவர்கள் முகத்தில் கேள்வி.

இதற்காகத்தான். ஆகாயத்தில் கல் இடம்மாறி வலி பிடித்தால் அந்த ஆசனத்தில் ஆள் இல்லாததற்குச் சமம். கல் முழுதாக வெளியேறிவிட்டது என்று ஸ்கான் சொல்லும்வரை முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் செல்லாது. விதியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில். மாலைதீவில் நான் துணை விமானியாக ஓட்டும் ஏ.ரி.ஆர். விமானத்தில் பயணிகள் பின்கதவால் ஏறுவார்கள். கழிப்பறையும் பின்னால். விமானிகளுக்கும் பயணிகளுக்கும் நடுவே பொதிகள் வைக்கும் பகுதி. ஒரு தீவில் இறங்கி மறுபடி கிளம்ப இருபது, இருபத்தைந்து நிமிடம். அதற்குள் ஏறிவரும் கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு பின்னால் போய்த் திரும்ப யாருக்கு நேரம்? ஆகவே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. நாளுக்கு ஆறு தடவை ஏறி இறங்கும் ஒருவனிடம் நிறைய நீர் அருந்துங்கள் என்று எழுதித் தருவது சுலபம்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான போராட்டத்துக்குப் பெரியம்மா படத்தை எடுத்துக்கொண்டு காலையிலேயே கந்தசுவாமி கோயிலடிக்குப் போய்விட்டார்.

பத்து மணி போல ஒரு சத்தம். நான் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அரிக்கன் சட்டியோடு வாசலில் நின்றுவிட்டார். அரிசி களைகிற கை நின்றுவிட்டது. எனக்கு அது என்ன எஞ்சின் என்று யோசிக்கக் கொஞ்சம் எடுத்தது. அதற்குள் அவர், "இரண்டு காற்றாடி. உயரமில்லை. இறங்கப் போகிறது" என்றார். சத்தம் குளத்துப் பக்கமாகத் தாழ்ந்து அடங்கியது. சரியாகச் சொன்னார்.

எனக்கு இதை விமானப் பள்ளியில் கற்றுத்தந்தவர்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். அம்மா கற்றது பதுங்குகுழி வாசலில். குண்டு போடும் கிபிர் வருவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும், வேவு பார்க்கும் வண்டு சுற்றினால் எந்தப் பக்கம் அன்றைக்குப் போகக்கூடாது என்றும் தெரியும். நான் விமானி ஆக வேண்டும் என்று சொன்ன நாளில் அவர் ஏன் என்று கேட்கவில்லை, எவ்வளவு செலவு என்று மட்டும் கேட்டார்.

பெப்ரவரி 6, வியாழன்

நேற்று அரசாங்கம் நெல்லுக்கு விலை அறிவித்தது. கிலோவுக்கு நாடு என்ற ரகம் 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132. அப்பா எதிர்பார்த்தது இதற்கு மேலே. கார்த்திகை வெள்ளத்துக்குத் தப்பிய பங்கைத்தான் இப்போது வெட்டுகிறார்.

இரவு கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தார். நானாகச் சொன்னேன்: பறக்காத மாதத்தில் அடிப்படைச் சம்பளம் மட்டும். மணித்தியாலக் கொடுப்பனவு இல்லை. அதுதான் பெரிய பங்கு. ஈடு வைத்த காணியின் தவணை இந்த மாதம் போகும், அடுத்த மாதமும் போகும். அதற்குப் பிறகு பார்க்க வேண்டும்.

பிணைமுறியைப் பற்றிச் சொல்லவில்லை. ஏ.ரி.ஆர். ஓட்டுவதற்கான தனி அனுமதிக்கு நிறுவனம் செலவழித்த பணத்துக்காக ஒப்பமிட்டுக் கொடுத்தது. ஒப்பந்த காலத்துக்கு முன் நானாக விலகினால் மீதியைக் கட்ட வேண்டும். உடல்நலக் குறைவால் அவர்களே விலக்கினால்? அந்தப் பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம். எழுதியவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

பெப்ரவரி 9, ஞாயிறு

மதியத்துக்குக் கொஞ்சம் முன் மின்சாரம் போனது. நாடு முழுவதும். பாணந்துறையில் குரங்கு ஒன்று மின்நிலையத்துக்குள் புகுந்ததாம். சந்தியிலுள்ள ஆர்.ஓ. குடிநீர் நிலையம் ஓடவில்லை, கலனோடு போய்க் கலனோடு வந்தேன். கிணற்று நீரைக் காய்ச்சினால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது கண்ணுக்குத் தெரிகிறது. மாலைவரை தாகத்தோடு இருந்தேன். நாளுக்கு மூன்று லீற்றர் குடிக்க வேண்டிய ஆள்.

குரங்கின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். அம்மாவின் நேர்த்திகளின் பட்டியல் நீள்கிறது. கல் அசையவில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

அறைத்தோழன் அழைத்தான். முதலில் மழையைப் பற்றிப் பேசினான், பிறகு வாடகையைப் பற்றி. ஏதோ சொல்ல வருகிறான் என்று புரிந்தது. கப்டன் பயிற்சிக்குக் கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாதம் இடது ஆசனத்துக்குப் போகிறான்.

வாழ்த்தினேன். நல்ல குரலில்தான் வாழ்த்தினேன்.

நாங்கள் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே நாளில் சேர்ந்தவர்களைப் பிறந்த திகதிப்படி அடுக்குவார்கள், மூத்தவன் மேலே. அந்த அடுக்கில் நான் அவனுக்கு மேலே. அதனால்தான் ஓணம் விடுமுறையை அவன் கேட்டும் எனக்குக் கொடுத்தார்கள், தீபாவளியையும். நான் ஓணத்தை வைத்து என்ன செய்வது என்று அவனுக்கே திருப்பிக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் திறமையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிமுலேற்றரில், அதாவது தரையிலுள்ள போலி விமான அறையில், சோதிப்பார்கள், தேறினாயா இல்லையா, அவ்வளவு. மற்றதெல்லாம் பட்டியலில் உன் இலக்கம். எந்த மாதம் லீவு, எந்தப் பாதை, எப்போது இடது ஆசனம். நிறுவனம் மாறினால் புதுப் பட்டியலின் அடியிலிருந்து தொடங்கு. முப்பது வருட அனுபவம் உள்ளவரும் அங்கே நேற்றுப் பிறந்தவர்.

ஆனால் இலக்கம் மட்டும் போதாது, 1,500 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். அது இல்லாமல் கப்டனுக்கான உரிமம் எங்கும் கிடையாது. அவன் ஜனவரியில் அதைத் தாண்டினான். நான் அதே ஜனவரியில் மாலேயில் ஒரு வைத்தியசாலைக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தேன்.

தீவுகளில் மணித்தியாலம் சேர்வதும் மெதுவாகத்தான். மாலேயிலிருந்து தரவந்தூவுக்கு இருபது நிமிடப் பறப்பு. தெற்கே கன் தீவுக்குப் போனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்கும், அந்தப் பாதை எல்லாருக்கும் வேண்டும். வேலை முழுவதும் ஏறுவதிலும் இறங்குவதிலும் இருக்கிறது, பறப்பு மணித்தியாலமாக எழுதிவைப்பது அதில் பாதிகூட வராது. அதே ஏ.ரி.ஆர். சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிறது. 2019 இல் தொடங்கியது, கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. போன செப்டம்பரில் இரண்டாவது நிறுவனமும் சேர்ந்துகொண்டது. மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதியால் போய் அது இறங்குவதைப் பார்க்கலாம். ஓட்ட முடியாது, அதற்கு இந்திய உரிமம் வேண்டும்.

பெப்ரவரி 14, வெள்ளி

நல்ல குரலில் வாழ்த்தவில்லை என்று இன்று தோன்றுகிறது. அவன் கவனித்திருப்பான்.

பெப்ரவரி 18, செவ்வாய்

ஸ்காபுரோ மாமா இரவு இரண்டு மணிக்கு அழைத்தார். ரொறொன்ரோ விமான நிலையத்தில் ஒன்று கவிழ்ந்துவிட்டதாம். "கவிழ்ந்தது என்றால், தம்பி, தலைகீழாக. சக்கரம் மேலே. ஆட்கள் நடந்து வெளியே வருகிறார்கள்!" அவருடைய வீட்டிலிருந்து அரை மணிநேரத் தூரம் என்பதில் அவருக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது. உள்ளே இருந்த 80 பேரும் பிழைத்துவிட்டார்கள். சி.ஆர்.ஜே. 900. மறுபடியும் வாலில் பெரிய பெயர், உள்ளே பிராந்திய நிறுவனம்.

விடிவதற்குள் இணையத்தில் விமானிகளின் மணித்தியாலங்களைத் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். எத்தனை மணித்தியாலம், எத்தனை வயது, ஆணா பெண்ணா. விசாரணை அதிகாரிகள் பனியில் கால் வைப்பதற்கு முன்பே தீர்ப்பு.

மாமாவும் அதைத்தான் கேட்டார்: "1,500 இல்லாதவர்களை விடுகிறார்களா?"

அமெரிக்காவில் 2013 இலிருந்து துணை விமானிக்கே பொதுவாக 1,500 வேண்டும் மாமா என்று சொன்னேன். அதற்குமுன் 250 போதுமாயிருந்தது. 2009 பெப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கியூ 400 விமானம் ஒன்று வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்கள் விடாமல் போராடித்தான் சட்டம் மாறியது. ஆனால் அந்த விமானத்தில் இருந்த இரண்டு விமானிகளிடமும் 1,500 ஐ விட நிறையவே இருந்தது. இல்லாதிருந்தது தூக்கம். துணை விமானி முதல் நாள் இரவு நாட்டின் மறுகரையிலிருந்து வேறு விமானங்களில் ஓரமாக உட்கார்ந்து வேலைக்கு வந்தவர். வருடச் சம்பளம் 16,000 டொலர் அளவில். வேலை செய்யும் ஊரில் அறை எடுக்க அது காணாது. சம்பளம் நன்றாக ஏறியது 2022 இல், விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது. சில பிராந்திய நிறுவனங்கள் துணை விமானிக்கு மணித்தியாலத்துக்கு 90 டொலர் கொடுக்கத் தொடங்கின. இறந்தவர்கள் ஏற்றாத சம்பளத்தை ஆள் பற்றாக்குறை ஏற்றியது.

2009 பெப்ரவரி 12 இல் நாங்கள் எங்கே இருந்தோம் என்று மாமா கேட்கவில்லை. வன்னியில் போர் நடந்த அந்த மாதத்தில் அவரும் தூங்கியிருக்கமாட்டார், தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

பெப்ரவரி 20, வியாழன்

சிமுலேற்றரில் இடம் கேட்டு நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை.

பெப்ரவரி 22, சனி

நள்ளிரவில் வலி. வெறும் வலி இல்லை, இடுப்பிலிருந்து கீழே இறங்குகிற வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சந்தோஷப்பட்டேன். அம்மா சுடுநீர்ப் போத்தலோடு வந்து, "இறங்குகிறதா?" என்றார். இறங்குகிறது அம்மா. விடியும்வரை இரண்டு பேரும் திண்ணையில் இருந்தோம். சிவப்பு நூல் வடியில் ஒன்றும் இல்லை. மணல்போலக்கூட ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

வலி போய்விட்டது. எங்கே போனது?

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. வீட்டார் திருக்கேதீச்சரத்துக்குப் போய்விட்டார்கள், அம்மம்மாவும் நானும் மட்டும். விழித்திருப்பது என்று இருவரும் முடிவெடுத்தோம். ஒன்பது மணிக்கே அவர் தூங்கிவிட்டார்.

தொண்ணூறு நாள் விதி தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. தொண்ணூறு நாளில் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம் இல்லையென்றால் பயணிகளோடு பறக்க முடியாது, மறுபடி சிமுலேற்றர். எனக்கு அது ஏப்ரல் முதல் வாரத்தோடு முடிகிறது. அரையாண்டுச் சோதனையும் அதே பக்கம் வந்து நிற்கிறது. கல் போனாலும் சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் வந்தாலும் சிமுலேற்றரில் இடம் வேண்டும், இடம் கிடைத்தாலும் வகுப்பு எடுப்பவர் வேண்டும். இதற்குள் அடுத்த கப்டன் பயிற்சிக்குப் பெயர் எடுத்துவிடுவார்கள்.

அம்மம்மா இடையில் எழுந்து, "நீ ஓட்டுகிற விமானத்தில் என்னை ஏற்றுவாயா?" என்று கேட்டார். ஏற்றுவேன் என்றேன். "முன்னால் இருக்க வேண்டும்" என்றார். ஏ.ரி.ஆரில் முன்னால் பொதிகள்தான் அம்மம்மா. அவருக்கு அது திருப்தியாக இல்லை.

பெப்ரவரி 28, வெள்ளி

பதில் வந்துவிட்டது, கடைசியில். மார்ச் 19 சிங்கப்பூரில் சிமுலேற்றரில் ஒரு இடம் இருக்கிறதாம். அதற்கு முன் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு. திங்கட்கிழமை கொழும்பில் ஸ்கான். ஞாயிறு இரவு பஸ்ஸில் ஆசனம் போட்டுவிட்டேன். சிங்கப்பூர் டிக்கெட்டை அவர்கள் எடுப்பார்களா, நான் எடுத்துப் பிறகு கேட்க வேண்டுமா என்று கடிதத்தில் தெளிவில்லை. நாளை காலை எழுதிக் கேட்க வேண்டும். அப்பா நெல் விற்ற பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பதாக அம்மா சொன்னார், நான் கேட்கவில்லை, ஆனால்