ஆக்சஸா, டிரங்கா: 2960 சுவிட்சில் விலேன் பிரித்தபோது

சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 சுவிட்ச் ஒன்றில் நான்கு விலேன் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி வலையமைப்புகள்) பிரித்தோம். 10 அலுவலகக் கணினிகளுக்கு, 20 ஐபி போனுக்கு, 30 சிசிடிவிக்கு, 99 சுவிட்ச் நிர்வாகத்துக்கு.

ஆக்சஸ் போர்ட் பொதுவாக ஒரு விலேனுக்கு, டிரங்க் பல விலேன்களை ஒரே கம்பியில் சுமப்பதற்கு. இந்தப் போர்ட் வகை என்பது இரண்டு கேள்விக்கான பதில்தான். டேக் (விலேன் எண்ணைச் சொல்லும் அடையாளம்) இல்லாமல் வரும் பிரேமை (தரவுப் பொதியை) எந்த விலேனில் சேர்ப்பது? வெளியே அனுப்பும்போது டேகை விட்டுவைப்பதா, உரிப்பதா? அந்த டேக் வெறும் 4 பைட். அதில் விலேன் எண்ணுக்கு 12 பிட். அதனால்தான் 4094-க்கு மேல் எண் கிடையாது.

கணினி, கேமரா போர்ட்டுகளுக்கு ‘சுவிட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்’, பிறகு ‘சுவிட்ச்போர்ட் ஆக்சஸ் விலேன் 30’ என்பதுபோல் உரிய எண். கூடவே போர்ட்ஃபாஸ்ட், அதாவது காத்திராமல் போர்ட்டை உடனே திறக்கும் அமைப்பு. அது இல்லாவிட்டால் போர்ட் திறக்க 30 விநாடி ஆகும். அதற்குள் கணினி டிஎச்சிபியிடம் (ஐபி முகவரி வழங்கும் சேவை) கேட்டுச் சலித்துப்போய், தானே போட்டுக்கொள்ளும் 169.254 முகவரியில் உட்கார்ந்துவிடும். போனுக்குப் பின்னால் கணினி தொங்கும் போர்ட்டும் ஆக்சஸ்தான். ‘சுவிட்ச்போர்ட் வாய்ஸ் விலேன் 20’ என்று ஒரு வரி கூடுதல், அவ்வளவே.

வேலை டிரங்கில்தான். இரு முனையிலும் மோடைக் கையால் டிரங்க் என்று போட்டோம். இரண்டு பக்கமும் டைனமிக் ஆட்டோவில் (எதிர்முனை கேட்டால் மட்டும் டிரங்காகும் மோட்) இருந்தால் யாரும் முதலில் கேட்கமாட்டார்கள், டிரங்க் உருவாகாது. நேட்டிவ் விலேனும் (டிரங்கில் டேக் இல்லாத பிரேம் சேரும் விலேன்) இரு முனையிலும் ஒன்றாக இருக்கவேண்டும். பிசகினால் லாகில் ‘நேட்டிவ் விலேன் மிஸ்மேட்ச்’ வந்துகொண்டே இருக்கும்.

கைசுடும் இடம் வேறு. ஓடிக்கொண்டிருக்கும் டிரங்கில் 30-ஐச் சேர்க்க ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவுட் விலேன் ஆட் 30’ என்று அடிக்கவேண்டும். ‘ஆட்’ விட்டுப்போனால் பழைய பட்டியல் மொத்தமும் அழிந்து 30 மட்டும் மிஞ்சும். 99 வழியாக எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து சுவிட்சுக்குள் நுழையும் வழி) இருப்பவர் அந்த நொடியே வெளியே. அதனால் தொலைவிலிருந்து கைவைக்கும் முன் ‘ரீலோட் இன் 10’ (பத்து நிமிடத்தில் சுவிட்ச் மறுதொடக்கம்) கொடுத்துவிடுவது நல்லது. சேமிக்காத மாற்றம் பத்து நிமிடத்தில் தானே போய்விடும். எல்லாம் சரியென்றால் ‘ரீலோட் கேன்சல்’, அதன்பிறகே சேமிக்க ‘ரைட் மெமரி’.

சரிபார்க்க ‘ஷோ விலேன் பிரீஃப்’ மட்டும் போதாது. ஓடும் டிரங்க் போர்ட்டுகளை அது காட்டாது, காணோமே என்று பதறவேண்டாம். ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரங்க்’ பாருங்கள். அனுமதித்த பட்டியலில் 30 இருந்து, அடுத்த ‘ஆக்டிவ்’ பட்டியலில் இல்லையென்றால் அந்த சுவிட்சில் விலேனையே உருவாக்கவில்லை. ஆக்சஸ் போர்ட்டில் இல்லாத எண்ணைக் கொடுத்தால் சுவிட்சே உருவாக்கிக்கொள்ளும். டிரங்க் அப்படிச் செய்யாது. ஆக்டிவில் இருந்து, கடைசிப் பட்டியலில் (இப்போது பிரேம் கடத்தும் விலேன்கள்) மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்பானிங் ட்ரீ (இணைப்பு வளையத்தைத் தடுக்கும் நெறிமுறை) அடைத்திருக்கிறது.

பிரவுசரில் அமைக்கும் மலிவு சுவிட்சுகளில் ஆக்சஸ், டிரங்க் என்ற பெயர்களே பல நேரம் இருக்காது. அன்டேக்ட் உறுப்பினர் (டேகை உரித்து வெளியே அனுப்பும் விலேன்) ஒரு பக்கத்தில், பிவிஐடி (டேக் இல்லாமல் உள்ளே வருவது சேரும் விலேன்) இன்னொரு பக்கத்தில். முதலாவதை 30 ஆக்கிவிட்டு பிவிஐடியை 1-லேயே விட்டால், 30-இன் பிரேம்கள் கேமராவுக்குப் போய்ச்சேரும். கேமரா அனுப்புவதோ விலேன் 1-க்குள் விழும்.