சாவியில கை வைக்காதீங்க, மச்சான்!

முகூர்த்த நாள் காலையில் வயசான டீசல் இண்டிகா ஒன்று பங்க்குக்குள் நுழைகிறது என்றால், ஓட்டிவருபவர் அதன் சொந்தக்காரராக இருப்பது அபூர்வம். அழகர்கோயிலில் காதுகுத்து என்று இரவல் வாங்கி வந்த மச்சானாகத்தான் இருப்பார். அவர் வீட்டில் நிற்பது மாருதி 800. வாய் பழக்கதோஷத்தில் "பெட்ரோல் ஆயிரத்துக்குப் போடுப்பா" என்று சொல்லிவிடும். பெட்ரோல் துப்பாக்கி ஒல்லி, டீசல் டேங்க் வாய் அகலம், சிக்கல் இல்லாமல் உள்ளே போய்விடும். டீசல் துப்பாக்கி தடிமன் என்பதால் பிற்காலத்துப் பெட்ரோல் கார்களின் குறுகிய வாயில் பெரும்பாலும் நுழையாது. வாய் அகலமான பழைய அம்பாசடருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது, எதை ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும்.

பில் கையில் வந்ததும் மச்சான் முகம் மாறும். அந்த நிமிஷம் வரை நஷ்டம் ஆயிரம் ரூபாயும் டேங்க்கைக் கழுவுகிற கூலியும்தான். எஞ்சின் ஒருமுறை சுற்றிவிட்டால் கணக்கு வேறு. ஆனால் அதற்குள் டீக்கடையிலிருந்து பத்துப் பேர் கிளாஸோடு வந்து நின்றிருப்பார்கள்.

"மேல டீசல ஃபுல் பண்ணிருங்கண்ணே, சரியாப் போயிரும்" என்பார் ஒருவர். இண்டிகா டேங்க் 37 லிட்டர். ஆயிரம் ரூபாய்க்கு ஏறியது பத்துக்குச் சற்றுக் குறைவு. வாய்வரை நிரப்பினாலும் கால்வாசிக்கு மேல் பெட்ரோல்தான்.

"அரை மணி நேரம் விடுங்க, பெட்ரோல் லேசு, மேல மிதந்துரும்" என்பார் இன்னொருவர். லேசு என்பது உண்மை: லிட்டருக்குப் பெட்ரோல் ஏறத்தாழ 740 கிராம், டீசல் 830. ஆனால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். அரை மணி என்ன, ஆடி முழுக்க நிறுத்திவைத்தாலும் பிரியாது.

கொஞ்சம் விவரமானவர் "ஐரோப்பாவுல டீசல்ல பெட்ரோல் கலந்தே ஓட்டுனாங்க" என்பார். பொய்யில்லை. பழைய டீசல் கார்களின் கையேடுகள் சில, கடுங்குளிரில் டீசல் மெழுகு கட்டாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் சேர்க்கச் சொன்னதுண்டு. மதுரை சித்திரை வெயிலில் டீசல் மெழுகு கட்டப்போவதில்லை. அதோடு, இப்போது இங்கே வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், டீசலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்புக்குள் துரு பிடிக்க வைக்கும்.

எல்லோரையும் விட ஆபத்தானவர், வண்டியை ஓரங்கட்டத் தள்ளும்போது பின்னாலிருந்து "செகண்ட் கியர்ல போட்டு விடுங்கய்யா!" என்று கத்துபவர். தள்ளி ஸ்டார்ட் ஆனாலும் ஸ்டார்ட்தான். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஸ்டீயரிங் லாக்கை விடுவிக்கச் சாவியை முதல் கட்டம் வரை திருப்பினால் போதும்.

ஏன் இவ்வளவு பயம்? இண்டிகா மாதிரிப் பழைய டீசல் காரின் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு ஆயில். பெட்ரோல் போனால் அந்த வழவழப்பைக் கழுவி எடுத்துவிடும், இரும்பும் இரும்பும் நேராக உரசும், அந்தத் தூள் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முனையில் போய் உட்காரும். வேடிக்கை என்னவென்றால் வண்டி உடனே நிற்காது. பைப்பிலும் பில்டரிலும் மிச்சமிருக்கும் டீசலில் கொஞ்ச தூரம் ஜோராகப் போகும். பிறகு டக டக என்று தட்டும், பிக்கப் செத்துப்போகும், வெள்ளைப் புகை வரும், கப்பலூர் டோல்கேட் பக்கத்தில் நின்றுவிடும். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் 2T ஆயிலை அரை லிட்டர் ஊற்றுகிற வைத்தியம் வழவழப்பைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். அழுத்தத்தில் தானாகப் பற்ற மறுக்கும் பெட்ரோலின் குணத்தை அது மாற்றாது.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கலவை என்றாலும் பற்றுவதில் அது பெட்ரோல்தான். சர்வீஸ் பள்ளத்தின் மேல் நிறுத்தி இறக்கக் கூடாது, பெட்ரோல் ஆவி கனமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். டேங்க் அடியில் டிரெயின் போல்ட் இருந்தால் அதைக் கழற்றலாம், இல்லாவிட்டால் கைப்பம்புக் குழாய். வாயால் உறிஞ்சும் வீரர்களைத் தூர நிறுத்துங்கள், நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், தகர டின் நல்லது. வடித்த பிறகும் அடியில் ஒன்றிரண்டு லிட்டர் தங்கும். நாலைந்து லிட்டர் சுத்த டீசல் ஊற்றி மறுபடி வடித்துவிடுங்கள்.

பில்டரைப் புதிதாக மாற்றுங்கள். அதில் வாய்வரை டீசல் ஊற்றி மாட்டினால் ஏர் எடுக்கிற, அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற வேலை பாதி மிச்சம். பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கைப்பம்பை அமுக்கி, இறுக்க வேண்டும். பிறகும் டீசல் ஏறவில்லை என்றால் பேட்டரியை மறுபடி மாட்டி, இன்ஜெக்டர் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடித்து, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். அங்கே விரல் நீட்டக் கூடாது, அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும். ஸ்டார்ட்டரைப் பதினைந்து விநாடிக்கு மேல் விடாமல் அடித்தால் அடுத்த செலவு அதற்கு.

ஓடிவிட்ட வண்டி என்றால், பழைய பில்டரில் இருப்பதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மினுமினுப்பாகத் தூள் தெரிந்தால் பம்பைக் கழற்றி டீசல் பம்ப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் பெட்ரோல் வாடை அடித்தால் எஞ்சின் ஆயிலும் மாற்ற வேண்டும்.

பழைய பெட்ரோல் வண்டியில் டீசல் போனால் இவ்வளவு அழுகை இல்லை. டேங்க், கார்புரேட்டர் கிண்ணம் இரண்டையும் வடித்து, கரி படிந்த பிளக்கைத் துடைத்துப் போட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும். டேங்க் சுத்தமானதா என்று பார்க்கப் பங்க்கிலேயே பில்டர் பேப்பர் கேளுங்கள். ஒரு சொட்டு விட்டால் சுத்தப் பெட்ரோல் இரண்டு நிமிஷத்தில் கறையில்லாமல் காயும், டீசல் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும்.

எல்லாம் முடிந்ததும், அதுவரை யோசனை சொன்ன பத்துப் பேரில் ஒருவர் தகர டின்னைக் காட்டி "அண்ணே, இத நம்ம பைக்குக்கு ஊத்திக்கவா?" என்பார். அவருக்கும் ஒரு பில்டர் பேப்பர் வாங்கிக் கொடுங்கள்.