லேப்டாப் ரேம்: வாங்குவதற்கு முன் லேபிளைப் படியுங்கள்

லேப்டாப் இழுக்க ஆரம்பித்தால் உடனே ரேம் வாங்கக் கிளம்ப வேண்டாம். வழக்கமாகத் திறந்துவைக்கும் எல்லாவற்றையும் திறந்துகொண்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைப் பாருங்கள். 85 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. 50, 60-இல் நின்றும் இழுக்கிறதென்றால் காரணம் வேறு. உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள்.

ரேமின் வடிவமும் அதே பக்கத்தில் இருக்கும். சோடிம் என்றால் கழற்றி மாட்டலாம். எல்பிடிடிஆர் வகை என்றால் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அதைக் கூட்ட வழியில்லை. சில மாடல்களில் பாதி சால்டர், பாதி ஸ்லாட். அந்தப் பக்கம் காட்டும் ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், சால்டர் செய்த சிப்பையும் அது ஸ்லாட் கணக்கில் சேர்த்துவிடுவதுண்டு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலே கடைசி வார்த்தை. அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேமின் தலைமுறைகள்தான் டிடிஆர்3, 4, 5. டிடிஆர்3 சோடிமில் 204 பின், டிடிஆர்4-இல் 260, டிடிஆர்5-இல் 262. வெட்டு இருக்கும் இடமும் மாறும், அதனால் ஒன்றுக்கு ஒன்று மாட்டவே முடியாது. ஏமாற்றுவது டிடிஆர்3-உம் டிடிஆர்3எல்-உம்தான். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்களுக்கு 1.35 வோல்ட் ரேம்தான் வேண்டும். 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் திரையே வராது.

இப்போது லேபிள். '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200' என்று இருந்தால், அது 3200 வேக டிடிஆர்4; ஒரு ரேங்க் (ஒன்றாக இயங்கும் சிப் தொகுதி), 8 பிட் அகலச் சிப்கள். அதே 8 ஜிபி '1ஆர்எக்ஸ்16' என்றும் விற்கும். அதில் எட்டுக்குப் பதில் நான்கே சிப்கள், சிப்பின் உள்பிரிவுகளான பேங்க் குரூப்பும் பாதிதான். வேலை செய்யும், ஆனால் அதே 3200-இலும் கொஞ்சம் பின்தங்கும். விலை ஒன்றென்றால் எக்ஸ்8-ஐயே எடுங்கள். எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு), 1.35 வோல்ட் என்று பெருமையாக எழுதிய டிடிஆர்4-ஐ லேப்டாப்புக்கு வாங்காதீர்கள். பெரும்பாலான லேப்டாப் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி கிடையாது. 3200-க்குக் காசு கொடுத்துவிட்டு 2400-இலோ 2133-இலோ ஓட்ட வேண்டிவரும். 1.2 வோல்ட், சிஎல்22 (தாமத அளவு) என்றிருக்கும் சாதாரண 3200 போதும்.

வேகம் வேறுபட்ட இரண்டைப் போட்டால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே ஓடும். 8-உம் 16-உம் சேர்ப்பதில் தவறில்லை, 16 ஜிபி வரை இரட்டைச் சேனலிலும் (இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை) மீதி 8 ஒற்றைச் சேனலிலும் ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இந்த இரட்டைச் சேனல் மிக முக்கியம். கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் உறிஞ்சுகிறது, எனவே ஒற்றை 16-ஐவிட இரண்டு 8 நல்லது.

மாட்டும் வேலை சின்னது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் அதன் ரெக்கவரி கீயை வேறிடத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இருக்கும். சார்ஜரை எடுத்து, பின்மூடியைத் திறந்து, முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களை இருந்த இடத்தின் வரிசையிலேயே வையுங்கள்; நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் மேல்பக்க கீபோர்டு தகட்டை அது குத்திவிடும். பேட்டரியைப் பிரித்தபின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் இறங்கும்.

இருபக்கக் கிளிப்பையும் வெளிப்பக்கமாக விலக்கினால் பழைய ரேம் தானே சாய்ந்து எழும். புதியதை ஓரங்களில் மட்டும் பிடித்து, ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளுங்கள். பெரும்பாலான தொல்லை இங்கேதான். பாதி நுழைந்த நிலையிலேயே கீழே அழுத்திவிடுகிறார்கள், கிளிப்பும் ஒருமாதிரி பிடித்துக்கொள்கிறது. தங்கநிறப் பட்டை ஒரே சீராக, மெல்லிய கோடாக மட்டும் தெரியும்வரை தள்ளவேண்டும். ஒரு மூலையில் அதிகம் தெரிந்தால் அது கோணலாக இருக்கிறது. அப்புறம் கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் 'டக்' என்று விழும்.

முதல்முறை ஆன் செய்யும்போது திரை கருப்பாகவே இருந்தால் பதறாதீர்கள். பயாஸ் புதிய ரேமைப் பழக்கிக்கொள்கிறது, டிடிஆர்5-இல் சில நிமிடங்கள்கூட ஆகும். நடுவில் பவரை அணைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் வராவிட்டால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து மறுபடி மாட்டிப்பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஒவ்வொரு ரேமாக, ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போட்டுப் பாருங்கள். எது பழுது என்று அதிலேயே பிடிபடும். பின்களை ரப்பரால் தேய்க்கும் வழக்கம் வேண்டாம், துகள் ஸ்லாட்டுக்குள் போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

16 ஜிபி போட்டும் 15 சொச்சம்தான் பயன்படுத்தலாம் என்று காட்டினால், மீதியை கிராஃபிக்ஸ் ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. பழுதில்லை.

விண்டோஸ் வந்துவிட்டது என்பதோடு நிறுத்தாமல், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை பென் டிரைவில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும், சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி ஓட்டுங்கள். திரும்பவும் வந்தால் அந்த ரேமை வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.