பழைய வண்டிக்கு எந்த ஆயில்?

"பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஆயில் ஊத்தாதே, ஒழுக ஆரம்பிச்சிடும்." என் காருக்கு வயசு 22. ஆயில் மாற்றும் நாள் வந்தாலே இதே பஞ்சாயத்து.

சிந்தெடிக் என்றால் வேதிமுறையில் செயற்கையாகத் தயாரித்த என்ஜின் ஆயில். அந்தப் பயத்தில் பாதிதான் உண்மை. ஆரம்பகால சிந்தெடிக் ஆயில்கள் சிலவற்றுக்கும், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களுக்கும் ஒத்துப்போகவில்லை. இப்போது வருபவை அப்படியில்லை. ஆனால் விறைத்துப்போன சீலின் விரிசலைப் பழைய கசடு அடைத்துக்கொண்டிருந்தால், புது ஆயில் அதைக் கழுவிவிடும். ஒழுகல் வெளியே தெரியும். ஆயில் ஓட்டை போடவில்லை, இருந்ததைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

சிந்தெடிக்கின் பலமே குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது சட்டென்று என்ஜினின் மேல்பகுதிவரை ஏறுவதும், சூட்டில் சீக்கிரம் கெடாததும். அதெல்லாம் சரி, என் கிழவன் ஆயில் குடிக்கிறானே! மாசம் அரை லிட்டர் டாப்-அப். குடிகாரனுக்கு எதற்கு உசத்திச் சரக்கு? கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்தெடுக்கும் சாதாரண மினரல் ஆயிலையே ஊற்றி, கொஞ்சம் சீக்கிரமாக மாற்றிவிடுகிறேன்.

எதை ஊற்றினாலும் மேனுவலில் சொன்ன கிரேடு, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிக்கும் எண், முக்கியம். 10டபிள்யூ-30 கேட்கும் என்ஜினுக்கு, "தேய்ஞ்சிருக்கும், இன்னும் கெட்டியா 20டபிள்யூ-50 போடு" என்றார் ஒரு நண்பர். டிப்ஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டே தலையாட்டி வைத்தேன். போடவில்லை.