சிம்பிள் என்று எழுதிய பிறகு

அடிபட்டு வருபவர்களுக்குப் போலீஸுக்காக நாங்கள் எழுதும் காயச் சான்றிதழ், அதாவது வூண்ட் சர்டிபிகேட்டின் கடைசி வரியில் நாங்கள் போடுவது ஒரே ஒரு சொல்தான். சிம்பிள், அதாவது சாதாரணக் காயம், இல்லையென்றால் கிரீவஸ், அதாவது கொடுங்காயம். மேலே எத்தனை காயம், எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர் என்று எவ்வளவு எழுதினாலும் ஸ்டேஷனில் கண் போவது அந்த வரிக்குத்தான். கேஷுவாலிட்டி டியூட்டி பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் ஒரு பெண் அந்தத் தாளோடு வந்து என்னிடம் கேட்டதை இன்னும் என்னால் ஒதுக்கி வைக்க முடியவில்லை.

புருஷன் அடித்து வந்த கேஸ். முதுகிலும் இரண்டு முன்கைகளிலும் கன்றிப்போன காயங்கள், வலது கை நன்றாக வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. சிம்பிள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சில நாள் கழித்து மறுபடி வந்தார், மருந்துக்காக இல்லை. "சிம்பிள்னு எழுதியிருக்கீங்களாமே டாக்டரம்மா. சும்மா ரெண்டு அடின்னு அர்த்தமா? அவரு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாரு, டாக்டரே ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு."

நான் விளக்கினேன். அது என் சொல் இல்லைம்மா, சட்டத்தில் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு வலிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை என்றேன். "வலிச்சுதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். டெண்டர்னஸ் என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன், தொட்டால் வலி என்று சொன்னேன். அவர் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்கள், புருஷன் செய்யும் கொடுமைக்கு 498ஏ என்று தனிப் பிரிவு இருக்கிறது, அதற்கு எலும்பு முறிய வேண்டியதில்லை, 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம் என்றெல்லாம் சொன்னேன். "அங்கதான் இதைப் படிச்சுச் சொன்னாங்க" என்றார்.

நான் செய்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். அப்போது இருந்தது பழைய இந்திய தண்டனைச் சட்டம். 320-ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு எட்டு வகை. ஆண்மையை அழிப்பது, கண்பார்வையோ காது கேட்பதோ நிரந்தரமாகப் போவது, உறுப்போ மூட்டோ போவது அல்லது அதன் சக்தி என்றைக்குமாகக் குறைவது, தலையோ முகமோ நிரந்தரமாகச் சிதைவது, எலும்பு அல்லது பல் முறிவது அல்லது இடம்பெயர்வது. கடைசி வகை, உயிருக்கு ஆபத்தானது, அல்லது இருபது நாள் கடும் வலியிலோ வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமலோ வைத்திருப்பது. இவற்றில் எதிலும் வராததைப் பரிதாபப்பட்டு கிரீவஸ் என்று எழுதினால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, எட்டில் இது எந்த வகை என்பதுதான். பதில் இல்லையென்றால் அந்தப் பெண்ணின் உண்மையான காயங்களும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போய்விடும். இதை நான் ஜூனியர்களுக்கும் சொல்கிறேன்.

ஆனால் அதே சமயத்தில் இன்னொரு கேஸ். பஸ் ஸ்டாண்டில் தள்ளுமுள்ளு, ஒருவருக்கு முன்பல் உடைந்துவிட்டது. அவர் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் கிரீவஸ் என்று எழுதினேன், எழுதத்தான் வேண்டும். 325-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை தண்டனை. அந்தப் பெண்ணுக்குச் சாதாரணக் காயத்துக்கான 323 மட்டும் என்றால் ஓராண்டு வரை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதிலும் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது, புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் பூக்கட்டிப் பிழைப்பவர். அந்த வலது கையோடு எத்தனை நாள் பூக்கட்டாமல் இருந்தார் என்று நான் கேட்கவில்லை, படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. மறுபடி வந்தபோது காயங்கள் பச்சையும் மஞ்சளுமாக மாறி ஆறிக்கொண்டிருந்தன, அதனால் இருபது நாள் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அதன்பிறகுதான் சட்டத்தை வரிவரியாகப் படித்தேன். பேச்சில் ஹர்ட் ஆகிவிட்டேன் என்றால் மனசு புண்பட்டதைச் சொல்கிறோம், இஞ்சுரி என்றால் உடம்பில் அடி. தண்டனைச் சட்டத்தில் இது அப்படியே தலைகீழ். 319-ஆம் பிரிவின் ஹர்ட் என்பது உடல் வலி, நோய், உடல் இயலாமை. 44-ஆம் பிரிவின் இஞ்சுரி என்பது உடம்பு, மனம், நற்பெயர், சொத்து எதற்கும் சட்டவிரோதமாக விளையும் எந்தக் கேடும். டேமேஜ் என்ற சொல் சொத்தைக் கெடுப்பதைச் சொல்லும் 425-இல் வருகிறது. நாங்களோ நரம்புக்கும் ஈரலுக்கும் டேமேஜ் என்று தாராளமாக எழுதுகிறோம். 1837-இல் மெக்காலே கமிஷன் வரைவு தந்து 1860-இல் சட்டமானது இது, சொல்லுக்குச் சொல் எல்லை பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

அந்த 319-இல் சிம்பிள் என்ற சொல்லே இல்லை. ஹர்ட், கிரீவஸ் ஹர்ட், அவ்வளவுதான். வலியை உண்டாக்கினாலே ஹர்ட் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சிம்பிள் என்பது நாங்களும் போலீஸும் படிவங்களும் சேர்த்துப் பழக்கத்தில் கொண்டுவந்தது. அப்படியென்றால் அது என் சொல் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது என்ன? எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினேன், நானாக உண்டாக்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் அவர் கேட்டது அதுவா என்று தெரியவில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஹர்ட் 114, கொடுங்காயம் 116. கொடுங்காயத்தின் கடைசி வகையில் இருந்த இருபது நாள் பதினைந்து ஆகியிருக்கிறது. இதிலும் ஹர்ட்டின் விளக்கத்தில் சிம்பிள் இல்லை. இப்போதெல்லாம் நான் கடைசி வரியில், "114-ஆம் பிரிவின்படி ஹர்ட், 116-இன் வகைகளில் வராது" என்று எழுதுகிறேன். வேலை பார்க்க முடியாத அளவுக்கு வீக்கம் இருந்தால் அபிப்பிராயத்தை நிறுத்திவைத்து, பதினைந்து நாள் கழித்து வரச் சொல்கிறேன். பலர் திரும்பி வருவதில்லை. ஸ்டேஷனிலிருந்து போன் வரும், "சிம்பிளா கிரீவஸா, ஒண்ணு சொல்லுங்க மேடம், ஃபைல் நிக்குது." சில சமயம் நான் நிறுத்திவைத்ததாலேயே காயத்தோடு வந்த பெண்ணுக்குத் தாமதமாகிறதோ என்று பயமாக இருக்கிறது.

சீனியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஏம்மா, நீ ஹர்ட்னு எழுதினா மட்டும் அடிச்சவன் தெருவுல பேசுறதை நிறுத்திடுவானா? அவங்க ரெஜிஸ்டர்ல சிம்பிள்னுதானே போட்டுக்கப் போறாங்க" என்றார். போட்டுக்கொள்கிறார்கள்தான், நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் கையெழுத்துக்கு மேல் அந்தச் சொல் வேண்டாம் என்றேன்.